நாலாயிரம் பேருக்கு ஓர் இடுப்பு

"மூச்ச விடுங்க சார். உங்க மூச்சுதான், நான் எடுத்துட்டுப் போயிட மாட்டேன்."

சார் விடுவதாக இல்லை. வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு, முகம் சிவக்க, சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி நிற்கிறார். அவர் இடுப்பைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்திருக்கும் டேப் அக்காவுக்கு எந்த அவசரமும் இல்லை. "நேத்து டிவியில மேட்ச் பாத்தீங்களா? யாரு ஜெயிச்சா?" என்று போகிற போக்கில் கேட்கிறார். "அதை ஏன் கேக்கறீங்க, கையில இருந்த மேட்ச்சைக் கடைசியில கோட்டை விட்டானுங்க..." என்று சார் வாய் திறந்ததுதான் தாமதம், வயிறு தன் சொந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. "நூத்தியாறு சென்டிமீட்டர்" என்கிறார் அக்கா என்னைப் பார்த்து. நான் கைக்கணினியில் தட்டிக்கொள்கிறேன்.

எங்கள் வேலை இதுதான். ஏழு வருடத்துக்கு ஒருமுறை சுகாதாரத் துறை நாடு முழுக்க ஓர் இதய நோய் ஆய்வு நடத்தும். யாருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, யார் புகைக்கிறார்கள், யாருக்கு இடுப்பு பெருத்திருக்கிறது, யார் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைவதில்லை என்றெல்லாம் வீடு வீடாகப் போய் எழுதிவர வேண்டும். இருவர் இருவராக அனுப்புவார்கள். அக்கா அளப்பார், நான் கேள்வி கேட்டுப் பதிவு செய்வேன். எனக்கு இது முதல் ஆய்வு, அக்காவுக்கு மூன்றாவது. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்குவதால் பேட்டை முழுக்க டேப் அக்கா என்றே பெயராகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட அதைக் கழற்ற மறந்து போய் நின்றவர். அங்கே இரண்டு பேர் அவரைப் பார்த்ததும் வயிற்றை எக்கிக்கொண்டார்களாம்.

எந்த வீட்டுக்குப் போவது என்பது எங்கள் கையில் இல்லை. தலைமை அலுவலகத்துக் கணினி குலுக்கிப் போடும். அந்த வீட்டில் எந்தப் பெரியவரை அளப்பது என்பதையும் அதுவே குலுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் அவரை அளக்கக் கூடாது. குலுக்கலில் வந்தவர் எவ்வளவு ஓடினாலும் அவரை விடக் கூடாது. மூன்று தடவை போய்ப் பார்த்தும் முடியாவிட்டால்தான் 'மறுத்தார்' என்று எழுதலாம். அக்காவின் மூன்று ஆய்விலும் அந்தச் சொல் ஒருமுறைகூட எழுதப்பட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை மறைக்கவும் மாட்டார்.

மறுக்கிறவர்களிடம் அவர் எடுத்துவிடுவது ஒரே கணக்குதான். "இங்க பாருங்க, குலுக்கல்ல வந்த ஒரு ஆளு நாலாயிரம் பேருக்குச் சமம். நீங்க ஒரு சிகரெட்டை மறைச்சா நாலாயிரம் சிகரெட்டு காணாமப் போயிடும். நீங்க வயித்த எக்கினா நாடே எக்கின மாதிரி." இதைக் கேட்டதும் சிலர் சிரித்துவிடுவார்கள், சிலர் பதவி கிடைத்ததுபோல் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு பேக்கரிக்காரர் தன் நாலாயிரம் பேருக்காக அன்றைக்குச் சட்டையையே மாற்றிக்கொண்டு வந்தார்.

ரத்த அழுத்தத்தை மூன்று முறை அளக்க வேண்டும் என்பது விதி. முதல் ரீடிங்கைத் தள்ளிவிட்டுக் கடைசி இரண்டின் சராசரியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவர் பட்டையைக் கையில் சுற்றினால் யாருக்கும் முதல் தடவை எகிறத்தானே செய்யும்? அக்கா இந்த விதியை வாழ்க்கை முழுவதற்கும் நீட்டிவிட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்டு?" "ரெண்டு." அக்கா பதில் பேசாமல் நாடாவைச் சுருட்டுவார். "நாலு இருக்கும்." இன்னும் சுருட்டுவார். "சரி, ஒரு பாக்கெட்டு. வீட்டுல சொல்லிடாதீங்க." அப்போதுதான் என் பக்கம் தலையாட்டுவார். நான் நலமாக இருக்கிறேன் என்று சொன்னால்கூட மூன்றாவது தடவை சொன்னால்தான் நம்புவார்.

அக்காவின் இடது மணிக்கட்டில் வளையல் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு ரப்பர் பேண்ட் கிடக்கும். அதற்கும் காரணம் உண்டு. அழுத்தம் கூடுதலாக இருப்பவர்களுக்கு, மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு மஞ்சள் சீட்டு எழுதித் தருவோம். முதல் ஆய்வின்போது அக்கா அதைக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மறுவாரம் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்களாம், இன்னொரு வீட்டில் அதன் மேல் பென்சில் சீவியிருந்தார்களாம். அதிலிருந்து கையில் கொடுப்பதே இல்லை. "உங்க வீட்டு உப்பு ஜாடி எங்கங்க இருக்கு?" என்று கேட்டபடி நேரே சமையலறைக்குள் போய், சீட்டை ஜாடியின் மேல் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு வருவார். "தினமும் கை வைக்கிற இடம். கண்ணுல படாம எங்க போகும்?" என்பார். உடனே போய்க் காட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பென்சில் சீவுவது நின்றது.

இப்பேர்ப்பட்ட மனுஷி மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் தோள்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுப்பார். உள்ளே உப்பு. வெள்ளரிக்காய்த் துண்டை அதில் தோய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். நான் முறைத்தால், "சாம்பிள். ஆய்வுக்கு வேணும்ல?" என்பார்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன், கேள்வித்தாளில் பதினாலாவது கேள்வி இல்லாவிட்டால். 'உங்கள் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் மாரடைப்பால் இறந்ததுண்டா?' அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருடைய அப்பா ஐம்பத்து மூன்றில் போனார். அண்ணன் ஐம்பத்தொன்றில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே. அக்காவுக்கு இப்போது ஐம்பது. தினமும் காலையில் கருவி சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க யாரையாவது பிடிப்பார்: அலுவலகக் காவலாளி, ஆட்டோ டிரைவர், நான். தன் கையில் மட்டும் அந்தப் பட்டையைச் சுற்றியதே இல்லை. சேர்ந்து நடந்த நாலு மாதத்தில் நான் கவனித்ததிலேயே எனக்குப் பிடிக்காமல் போனது அது ஒன்றுதான்.

போன மாதம் புதுப் பட்டியல் வந்தது. பதினேழாவது வரியில் அக்காவின் வீட்டு எண்.

"ஏதோ கோளாறு" என்றார் அக்கா. கோளாறு இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சொந்த வீட்டை ஒருவர் தானே அளக்கக் கூடாது, கூட வருபவர் அளக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர்: லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், வேலைக்குப் போகும் மகள், அக்கா. "அவரு வரட்டும். சட்டைக் கைய மடிச்சிட்டு ரெடியா இருக்காரு" என்று அக்கா வேண்டிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. அலுவலகத்திலேயே குலுக்கல் பட்டனை அழுத்தினேன். கணினி அக்காவைக் காட்டியது.

முதல் தடவை போனபோது கணவர்தான் கதவைத் திறந்தார். "அவ வீட்டுல இல்லீங்க" என்றவர், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், ஒரு நொடி யோசித்து, "அப்படித்தான் சொல்லச் சொன்னா" என்று சேர்த்துக்கொண்டார். இரண்டாவது தடவை அக்கா ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்தது பரணாம், அதற்கடுத்தது சன்னல் கம்பியாம், நாள் முழுக்க ஒழியாதாம். இத்தனை வருடமாக ஊரார் அவரிடம் சொன்ன சாக்குகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்திருக்கிறார்.

மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கைக்கணினியைத் திறந்து, 'மறுத்தார்' என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். "தட்டிடவா அக்கா? நாலாயிரம் பேர் ஓடிப் போயிட்டாங்கன்னு?"

அக்கா என் விரலையே பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "பயமா இருக்குடி" என்றார். "தெரியாத வரைக்கும் எங்கப்பாவும் எங்கண்ணனும் வேற, நான் வேறன்னு இருந்துடலாம். நம்பர் வந்துட்டா அப்புறம் எப்படி இருக்க முடியும்?"

கணவர் மூன்று பேருக்கும் தேநீர் வைத்துவிட்டு, அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "பாவி, தொப்புளுக்கு மேல பிடிக்காத. சரியான எடத்துல பிடி."

பிடித்தேன். இரும்புக் கம்பிபோல் விறைத்து நின்றார். மூன்று ஆய்வாக ஊர் வயிற்றையெல்லாம் அளந்தவர் தன் வயிற்றை முதுகெலும்பு வரைக்கும் எக்கியிருந்தார். "அக்கா, மேட்ச் யாரு ஜெயிச்சா?" என்றேன். சோபாவிலிருந்து கணவர் வெடித்துச் சிரித்தார், அக்காவும் சிரித்தார், வயிறு தளர்ந்து என் விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. தொண்ணூற்றாறு.

கேள்விகள் ஆரம்பித்தன. 'சாப்பிடும்போது கூடுதலாக உப்புச் சேர்த்துக்கொள்வீர்களா?'

"எப்பவாவது."

நான் நாடாவை எடுத்து மெல்லச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"அடிக்கடி."

இன்னும் சுருட்டினேன்.

"எப்பவும்தான்! போட்டுத் தொலை. எங்கிட்டயே கத்துக்கிட்டு எங்கிட்டயே காட்டறா பாரு."

பதினாலாவது கேள்வியை நான் முழுதாகப் படிக்கவில்லை. அவரும் சன்னல் பக்கம் திரும்பவில்லை. "அப்பா, அண்ணன்" என்று நேரே என்னைப் பார்த்துச் சொன்னார். தட்டிக்கொண்டேன்.

அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ஊரையெல்லாம் உஷ் என்று அடக்கும் அக்காவால் அந்த ஐந்து நிமிடம் தாங்க முடியவில்லை. தேநீரில் சர்க்கரை ஜாஸ்தி என்றார், பட்டையை இன்னும் ஒரு விரல் மேலே ஏற்று என்றார், கரண்ட் பில் வந்துவிட்டதா என்றார். ஒவ்வொரு தடவையும் நான் நேரத்தை முதலிலிருந்து எண்ணினேன். கடைசியில் கணவர் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அடங்கினார்.

முதல் ரீடிங் நூற்றி அறுபத்தெட்டு, நூற்றி இரண்டு.

"முதல் ரீடிங் கணக்குல வராது" என்றார் அக்கா உடனே.

"வராதுதான் அக்கா."

இரண்டாவது நூற்றி அறுபத்து நாலு, நூறு. மூன்றாவதுக்குக் கருவி உறுமிக்கொண்டு காற்றை ஏற்றியபோது மூன்று பேருமே அந்தச் சின்னத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நூற்றி அறுபத்தாறு, நூறு.

மஞ்சள் சீட்டை எடுத்தேன். எப்போதும் அக்கா எழுதுவது, அன்றைக்கு நான் எழுத வேண்டியிருந்தது. 'ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கவும்' என்று எழுதி நீட்டினேன். அக்கா வாங்கிப் படித்தார். என் பேனாவைப் பிடுங்கினார். 'ஒரு வாரம்' என்பதை அடித்தார்.

"நூத்தி அறுபதத் தாண்டினா மூணு நாளு. விதி தெரியாதா உனக்கு?" என்று திருத்தி எழுதினார். கணவர் எழுந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மறுநாள் வேலைக்கு வரவில்லை என்று யாரிடமோ சொல்ல ஆரம்பித்தார்.

அக்கா தோள்பையைத் திறந்து அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். வாசலில் நின்று பார்த்தேன். பொட்டலத்து உப்பை ஒரு கல் விடாமல் ஜாடிக்குள் கொட்டினார், மூடியைத் திருகினார், சீட்டை அதன் மேல் சுற்றினார். மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றிப் போட்டார். இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டாவதாக ஒன்றைக் கழற்றி, அதன் மேலேயே போட்டார்.