சாட்சி சொன்ன இடம்

எனக்கு மலக்குடலில் புற்றுநோய். முதலில் கீமோ, அதன்பின் ஆபரேஷன் என்றார் டாக்டர். நான்காவது கீமோவுக்குப் பிறகு ரத்தப்போக்கு நின்றது. முழு சுகம் கிடைத்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

இரணியல் பக்கம் எங்கள் சபையில், சுகம் பெற்றவர்கள் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வார்கள். வளைகுடாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த எனக்கு அங்கே பலரைத் தெரியாது. மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நனைந்த காலோடு முன்னால் போய் நின்றேன். சில்லிட்டிருந்த மைக்கைப் பிடித்ததும் விரல்களில் மின்சாரம் பாய்ந்தது.

"கர்த்தர் இப்பம் என்னைத் தொட்டாரு! எனக்கு இனி ஆபரேஷன் வேண்டாம்!" என்று, நோயின் பெயரையும் கையில் மின்சாரம் பாய்ந்ததையும் சொல்லி அழுதேன்.

குளிர்ந்ததைத் தொட்டால் ஷாக் அடிப்பதுபோல் இருக்கும், அது மருந்தின் வேலை என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். அது ஞாபகம் வரவில்லை. வர நான் விடவில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்தார். மழையில் நனைந்து சில்லிட்ட கை. அதே மின்சாரம். உதறிவிட்டேன்.

"இப்பமும் ஷாக் அடிச்சமாதிரி கை தரிச்சுதா அண்ணே?" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கும் இதே சூக்கேடுதான். அவியளும் மைக்கப் பிடிச்சிட்டு, கை தரிச்சுதுன்னு சாட்சி சொன்னாவ. ஆப்பரேசனுக்குப் போவல்ல. பெறவு அவியளுக்க சவப்பெட்டிய வச்சதும் நீங்க நின்ன அதே இடத்துலதான்."

திரும்பிப் பார்த்தேன். ஆளில்லாத ஆலயத்தில் என் ஈரக் காலடித்தடம் இன்னும் காயாமல் கிடந்தது.

மறுநாளே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினேன். வெட்டியெடுத்த சதையில் நோய் உயிரோடுதான் இருந்தது.

கர்த்தர் என்னைத் தொட்டார் என்ற சாட்சியை நான் திரும்பப் பெறவில்லை. தொட்ட இடம் வாசல் என்று மட்டும் திருத்திக்கொண்டேன்.