ஓடைக்கரையில் கிடை போடாதவர்

எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட வந்தவர் அவர். ராத்திரி ஆடுகளை அடைத்தால் மண்ணுக்கு உரம். ஒல்லியான ஆள். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. எங்கே உட்காருமுன்னும் குதிகாலால் தரையை மிதித்துப் பார்ப்பார்.

ஓடைக்கரை மூலையில்தான் மண்ணுக்குச் சத்தில்லை. அங்கே போடச் சொன்னேன். மிதித்துப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றார்.

"மண்ணப் பாத்தா பயமா வே உமக்கு?" என்று சிரித்தேன்.

"ஆடு ஓடுனா வெரட்டிப் புடிச்சிருவேன் அண்ணாச்சி. மண்ணு ஓடுனா யாரு புடிக்க?"

கிணற்றுப் பக்கம் அடைத்தார். அன்று விடிய விடிய மழை. காலையில் இருவரும் போய்ப் பார்த்தால் அந்த மூலையே இல்லை. கரை ஓடைக்குள் சரிந்துவிட்டது. அங்கிருந்த உடை முள்மரம் சாயாமல் நின்றவாக்கில் கீழே இறங்கியிருந்தது. வெள்ளம் இன்னும் அடிமண்ணை அரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கும்போதே இன்னொரு மண்பாளம் விழுந்தது.

"உங்க வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

"அந்தா தெரியுதுல்லா, அதான்."

அதே கரையில், கூப்பிடு தூரத்தில் இருந்தது வீடு. அதைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அன்றைக்கே ஆடுகளைப் பத்திக்கொண்டு போய்விட்டார்.

மழை இருட்டும்போதெல்லாம் அவர் சொல்லாமல் விட்டது என்னவென்று யோசிக்கிறேன். நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பார்.