யூரியாப் பைக்குள் மண்புழு

மருதனார்மடத்தில் என் தோட்டத்தில் இருபது வருடமாக வெங்காயமும் புகையிலையும் மாறி மாறி நட்டேன். பக்கத்துக் காணிக்காரன் புல்லை வளரவிட்டு மாடு கட்டினான். சோம்பேறி என்று சிரித்தேன்.

போன மாரியில் இறுகிப்போன என் மண்ணில் தண்ணீர் தேங்கி வெங்காயம் அழுகியது. அவன் மண்ணோ அத்தனை மழையையும் குடித்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

அவன் கோயிலுக்குப் போன நேரம் வேலிக்குள் புகுந்து கிண்டினேன். புட்டுப்போல உதிர்ந்த மண்ணில் எத்தனை மண்புழுக்கள்! அள்ளி, கையில் கிடைத்த யூரியாப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பின்னேரம் என் பாத்தியில் கொட்டியபோது ஒன்றுகூட நெளியவில்லை. பையில் ஒட்டியிருந்த உரம் கொன்றுவிட்டது.

வேலிக்கு மேலால் அவன் எட்டிப் பார்த்தான். “கேட்டிருந்தா என்ரை மாட்டையே உங்கடை தோட்டத்திலை கட்டியிருப்பனே, அண்ணை. சாணி விழுந்தாப் புழு தானா வரும்.”

அந்த நல்ல மனமும் அவனுக்குத்தான் வாய்த்திருக்கிறது.