கிளட்ச் லீவரும் என் கட்டைவிரலும்

போன மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணிக்கு, நான் பைக்கோடு ரோட்டோரக் கானுக்குள், அதாவது வாய்க்காலுக்குள், விழுந்தேன்.

பயப்படாதீர்கள்... எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நன்றாகத்தானே இருக்கிறேன்? முழங்காலில் ஒரு சிராய்ப்பு. பைக்குக்கு ஒரு கண்ணாடி போனது. பையில் இருந்த குழந்தைத் தராசுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. விழும்போது நான் பையைத்தான் முதலில் தூக்கிப் பிடித்தேனாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மிட்வைஃப். பிள்ளைத்தாய்ச்சிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. தோட்டத்தில் எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’. என் வாகனம், தம்பி கத்தாருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன நூறு சீசி பைக். ஒன்பது வருஷமாக அதில்தான் ஏறி இறங்குகிறேன்.

எப்படி விழுந்தேன்? மேல்கணக்குக்கு ஏறும் கடைசி வளைவில். மேல்கணக்கு என்பது தோட்டத்தின் உச்சி டிவிஷன். பஸ் கிடையாது. மழை பெய்தால் ஆட்டோக்காரர்கள் கும்பிடு போட்டுவிடுவார்கள். அந்த வளைவில் கியர் குறைக்கக் கிளட்சைப் பிடித்தேன். இடது கட்டைவிரல் அடியில் சுரீர் என்றது. கை தானாக விட்டுவிட்டது. பைக் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. ஏற்றத்தில் அணைந்த பைக் என்ன செய்யும்? சாய்ந்தது.

பால்வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். தூக்கி நிறுத்தினார்கள். சேலை மண்ணைத் தட்டிவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஒருத்தி ஆரம்பித்தாள்.

“என்னாங்க மிஸ்ஸி, காலையிலேயே கானு சுத்தம் பண்ண எறங்கிட்டீங்க? அதுக்குத்தான் ஆள் போட்டிருக்காங்களே.”

நானும் சேர்ந்து சிரித்தேன். காரணம் எனக்குத்தான் தெரியும். ஆறு மாதமாக அந்த வலியை ஒருத்தரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தேன். ‘வலி வந்தா மறைக்காதீங்க’ என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் இது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்தார். தசைநாண் வீங்கியிருக்கிறது என்றார். கைக்குக் கட்ட ஒரு பட்டி கொடுத்தார். பத்து நாள் பைக்கைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகும் வலித்தால் பைக்கை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

எங்கள் மேற்பார்வை சிஸ்டர் அதையே அன்பாகச் சொன்னார். நல்ல மனுஷி. நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். “மிஸ், பைக் எக நவத்தன்ன” என்றார். பைக்கை நிறுத்திவிடுங்கள் என்று அர்த்தம். மாதக் கடைசிக்குள் கை சரியாகாவிட்டால் டவுன் கிளினிக்கில் ஒரு நாற்காலி போட்டுத் தருவாராம். தலைக்கு மேல் மின்விசிறியும் உண்டாம்.

யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் என் இடத்துக்கு யார் வருவார்கள்? தமிழ் பேசுகிற மிட்வைஃப் இந்தப் பக்கம் லேசில் கிடைக்கமாட்டார். நான் வருவதற்கு முன்னால் மேல்கணக்கு நான்கு வருஷம் ஆளில்லாமல் கிடந்தது. எங்கள் பெண்கள் சிங்களம் நன்றாகவே பேசுவார்கள் — கடையில் சாமான் வாங்குவார்கள், பஸ்ஸில் சண்டையும் போடுவார்கள். ஆனால் அடிவயிற்றில் என்ன செய்கிறது என்பதையும், வீட்டுக்காரன் நேற்று என்ன செய்தான் என்பதையும் சொல்ல அவர்களுக்குத் தமிழ்தான் வேண்டும். அந்த லயங்களில் அப்போது ஐந்து பேர் வயிற்றோடு இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு வர எனக்கு மனசே இல்லை.

“ஸ்கூட்டி வாங்கலாமே, அதுல கிளட்ச்சே இல்லையே?” என்று கேட்கிறீர்கள். கேட்காதவர் யார்? மேல்கணக்கு ரோட்டைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

பத்து நாள் நடந்தேன். கை கொஞ்சம் தேறியது. திரும்பப் பைக்கில் ஏறினேன். இரண்டாம் நாளே வலி எட்டிப் பார்த்தது.

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. ரப்பர் தோட்டத்தில் எது கெட்டாலும் முதல் வைத்தியம் ரப்பர்தான். கதவு ஆடினால் ஒரு துண்டு ரப்பர். தகரம் ஒழுகினால் ரப்பர்பால் தடவிய சாக்கு. செருப்பு அறுந்தால்... சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணன், தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஷீட் அடிக்கிறவர். என் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“பிடி ரொம்ப மெல்லிசா இருக்குங்க மிஸ்ஸி. அதான் கைய உறுத்துது. தடியாக்கிட்டா மெத்தையில கை வச்ச மாதிரி இருக்கும்.”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நான் என்ன மெக்கானிக்கா? ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், ரப்பர் ஷீட்டை நாடா நாடாவாகக் கிழித்தார். ரப்பர்பால் தடவி இரண்டு பிடியிலும் சுற்றினார்... சுற்றினார்... சுற்றிக்கொண்டே இருந்தார். முடிக்கும்போது ஒவ்வொரு பிடியும் வாழைத்தண்டு பருமன். லயமே திரண்டு வந்து அமுக்கிப் பார்த்துப் பாராட்டியது.

மூன்றே நாள்தான் தாங்கியது. பிடி தடித்ததும் என் விரல்களுக்கு லீவர் எட்டவில்லை. முன்பு நீட்டிப் பிடித்ததை இப்போது தாவிப் பிடித்தேன். வலி முழங்கை வரை ஏறியது. மத்தியான வெயிலில் ரப்பர் இளகி உள்ளங்கையில் பிசுபிசுத்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நாற்றத்தை என்ன செய்வது? ரப்பர் ஸ்டோர் வாடை எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

மேல்கணக்கில் மூன்று மாத மசக்கைக்காரி ஒருத்தி. நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வந்தவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

“கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. நீங்க அங்கேயே உக்காந்து கேளுங்க. நான் இங்க இருந்தே சொல்றேன்.”

பிள்ளைத்தாய்ச்சியை விரட்டுகிற மிட்வைஃப். இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த வீடு திலகாவுடையது. தலைப்பிள்ளை பெற்று ஒன்றரை மாதம். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. திலகாவுக்குத்தான் கட்டைவிரல் அடியில் வலி. பிள்ளையைத் தூக்கவே முடியவில்லை என்று கண் கலங்கினாள். பிள்ளை பெற்றவர்களுக்கு அடிக்கடி வருகிற வலிதான். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவளுக்கும் சொன்னேன்.

“மணிக்கட்ட மடக்காத தாயி. விரலை விரிச்சு எட்டித் தூக்காத. பிள்ளைய மொதல்ல உன் பக்கம் கொண்டாந்துக்க. முழங்கையும் மணிக்கட்டும் ஒரே கோடா இருக்கட்டும். இப்பத் தூக்கு.”

தூக்கினாள். முகம் தெளிந்தது. அப்புறம் என் கையில் கட்டியிருந்த பட்டியைப் பார்த்தாள்.

“அப்ப நீங்க மட்டும் ஏன் மிஸ்ஸி மணிக்கட்ட மடக்கிக்கிட்டே பைக்கைப் பிடிக்கிறீங்க? தெனமும் ஜன்னல்ல பாக்குறேனே.”

 ஒன்பது வருஷம்! நேராக வெளியே வந்தேன். பைக்கில் உட்கார்ந்தேன். என் கையை நானே, ஒரு பிள்ளைக்காரியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். லீவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹேண்டில் பார் தம்பியின் நீளக் கைக்கு ஏற்ப முன்னே தள்ளியிருந்தது. அவன் விரல் முருங்கைக்காய் நீளம். என் விரல் வெண்டைக்காய் அளவுதான். அவன் போனான். அவன் செட்டிங் போகவில்லை. அன்றைக்கு மத்தியானமே பஜாருக்கு விட்டேன்.

சுனில் பாஸ் பஜாரில் பைக் ரிப்பேர் செய்கிறவர்; மெக்கானிக்கை இங்கே ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். சிங்களத்தையும் தமிழையும் கலந்துகட்டிப் பேசுவார். முதலில் பிடியைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினார். அதைக் கழற்றிய பிறகுதான் காது கொடுத்தார். லீவரைக் கீழே இறக்க வேண்டும் என்றேன். தலையை ஆட்டினார்.

“மிஸ், இது கம்பெனி செட்டிங். ஹரியட்ட தியெனவா. தொடக்கூடாது.”

“சரியாத்தான் இருக்குன்னு கம்பெனிக்காரன் என் கைய அளந்தா பார்த்தான் பாஸ்?”

சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார். நான் பைக்கில் உட்கார்ந்து கையை நீட்டினேன். முழங்கை, மணிக்கட்டு, விரல் — மூன்றும் ஒரே கோட்டில் வரும் வரை லீவரைக் கீழே திருப்பச் சொன்னேன். ஹேண்டில் பாரை என் பக்கம் சாய்க்கச் சொன்னேன். அதற்குள் அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பழைய சாமான் பெட்டியைக் குடைந்து, உள்பக்கம் வளைந்த வேறொரு லீவரை எடுத்து மாட்டினார். கிளட்ச் கேபிளை இழுத்துப் பார்த்தார். காய்ந்து துருப்பிடித்துக் கிடந்தது. “மிஸ், இத இழுத்தா யானைக்கும் கை வலிக்கும்” என்று புதுக் கேபிள் போட்டார்.

பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரல் போதுமாக இருந்தது. இரண்டே விரல்! கடைவாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. சுனில் பாஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கழற்றிய ரப்பரை மரியதாஸ் அண்ணனிடமே கொடுத்தேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. கோழிக்கூட்டுக் கதவுக்கு வைத்துவிட்டு, “பாத்தீங்களா, வீணாப் போகல” என்றார்.

பட்டியை இன்னும் கட்டுகிறேன். வலி முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் மாதக் கடைசியில் சிஸ்டரைப் பின்னால் உட்கார வைத்து மேல்கணக்குக்கு ஏறினேன். அந்த வளைவில் கியர் குறைத்தேன். பைக் பேசாமல் ஏறியது. மேலே இறங்கியதும் சிஸ்டர் சேலையைச் சரி செய்துகொண்டார், ரோட்டைத் திரும்பிப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். இந்த ரோட்டுக்கு வேறு யாரையும் அனுப்ப முடியாது, நீங்களே இருங்கள் என்றார்.

நாம் எத்தனை சாமானுக்கு இப்படி உடம்பை வளைத்துக் கொடுக்கிறோம், யோசித்திருக்கிறீர்களா? இடுப்பொடிகிற உயரத்தில் அடுப்பு. கழுத்தொடிகிற தூரத்தில் தையல் மெஷின். வலித்தால் தைலம் தேய்க்கிறோம், வயசாகிவிட்டது என்கிறோம். சாமானைக் கொஞ்சம் நகர்த்தலாமே என்று மட்டும் தோன்றுவதில்லை. அது அப்படித்தான் வந்தது, அப்படித்தான் இருக்கும் என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

போன வியாழக்கிழமை மத்தியானம் மேல்கணக்கிலிருந்து போன். அந்த ஐந்து பேரில் ஒருத்தியான கலைச்செல்விக்கு நாள் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் வலி. கொட்டுகிற மழை. ஆட்டோ ஒன்றும் ஏறவில்லை. நான் ஏறினேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, காத்திருக்க நேரமில்லை என்று. தோட்டத்து லொறியில் நானே பக்கத்தில் உட்கார்ந்து அவளை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தேன். அரை மணி நேரத்தில் பெண் பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

வெளியே நனைந்துபோய் நின்ற அவள் வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நன்றியில் பாதி, சுனில் பாஸின் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்குப் போக வேண்டியது.