காலி அறையில் ஒரு மேடு

பிள்ளைகளா, அப்பா காலேஜில் என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, "ரூம் கூட்டுறாரு"ன்னு ரெண்டு பேரும் சொன்னீங்களாம். தப்பில்லை. ஆனால் எந்த ரூம் என்று சொல்லியிருக்கணும்.

சித்தன்னவாசல் பாறைக்கு எதிரே நின்று நீங்கள் கத்தினப்போ சத்தம் திரும்பி வந்ததில்லையா? ரேடாரும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத அலையைத் துண்டு துண்டாக அனுப்பும். பட்டுத் திரும்பிவர ஆன நேரத்தை வைத்து, எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடும். ரேடாரைச் சோதிக்கிற ரூமைத்தான் நான் கூட்டுகிறேன்; அதில் சுவர், கூரை எல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சுக் கூம்புகள். எந்த அலை பட்டாலும் தின்றுவிட்டுப் பேசாமல் இருக்கும்.

அங்கே ஆராய்ச்சி செய்த மேடம் ஒரு பெட்டி வைத்திருந்தார். ரேடார் அனுப்பும் அலையை அது வாங்கி, கொஞ்சம் தாமதித்துத் திருப்பி அனுப்பும். உடனே கம்ப்யூட்டர் கோட்டில் ஒரு மேடு எழும்பும்: ரெண்டு கிலோமீட்டர் தள்ளி விமானம். ரூமோ பத்துத் தப்படி. அந்தப் பொய் விமானத்தை வெளியூர்ப் பேராசிரியர் முன்னால் காட்டினால்தான் மேடத்துக்கு டாக்டர் பட்டம்.

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்து பார்த்தால், பெட்டியை அணைத்த பிறகும் கிட்டத்திலேயே ஒரு குட்டி மேடு நிற்கிறது. பரீட்சைக்கு மூணே நாள்.

"அண்ணே, உள்ள எதையும் வெச்சீங்களா?"

"விளக்குமாறே வெளியிலதாங்க இருக்கு மேடம்."

கேபிளை மாற்றினார். நான் வாட்ச், பெல்ட், சாவி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு டார்ச்சோடு தவழ்ந்தேன். மேடு அசையவில்லை. "காலி ரூம்ல ஆள் இருக்குன்னு காட்டுனா எவருண்ணே பட்டம் குடுப்பாரு?" என்றவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

பரீட்சையன்று காலை இலுப்பூரிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன லோடு ஆட்டோவின் பின்பக்கத்தில் பூஜைக்குக் கட்டிய ஜிகினா மாலை. வெயில் அதில் பட்டு என் கண்ணைக் குத்தியது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது; வண்டியை முறுக்கினேன்.

மேடம் ஏற்கெனவே வந்திருந்தார்.

"மேடம், பூஜையன்னிக்கு உள்ள ஜிகினா கட்டுனேன். மறுநாளே அவுத்துட்டேன்."

"வெளியிலதானே பூஜை போடச் சொன்னேன்?"

"வெளியிலயும் போட்டேங்க. இம்புட்டு அலையத் திங்கிற ரூமு, பாவம், வெறுமனே நிக்குதேன்னு..."

ஏணி போட்டு ஏறினேன். மேல் மூலையில், ரெண்டு கூம்புக்கு நடுவே, விரல் நீளத்தில் ஒரு இழை அறுந்து தொங்கியது. எடுத்ததும் கோடு படுத்துவிட்டது.

மேடம் அந்த இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். "எதிரி ரேடாரை ஏமாத்த விமானத்துலேருந்து இது மாதிரி தகட்டு இழையைத்தாண்ணே கொட்டுவாங்க. நீங்க படிக்காமயே பண்ணிட்டீங்க" என்று சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குப் பொய் விமானம் தனியாகப் பறந்தது. பேராசிரியர் கைகொடுத்தார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ரூமைப் பூட்டினேன். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய், மேடம் திருப்பிக் கொடுத்து, சட்டைப் பையில் வைத்திருந்த இழையை என் வண்டிக் கண்ணாடியில் கட்டினேன். அறுந்து விழாமலிருக்க ரெண்டு முடிச்சு.