துடைக்காத இரண்டு

கணிதத் துறையின் கணிப்பொறி அறைச் சாவி பதினோரு வருஷமாக அவள் இடுப்பில்தான் தொங்கியது. மாணவர்களுக்கு அவள் சாவியக்கா. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவள். அறையைத் திறப்பது, பெருக்குவது, கரும்பலகையைத் துடைப்பது, பூட்டுவது, வேலை அவ்வளவுதான். மீதி நேரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பதற்குப் படிப்பு எதற்கு?

சமன்பாட்டைத் தட்டினால் விடையைத் தானே போட்டுத் தரும் மென்பொருளை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அதை நடத்திவந்த இளம் ஆசிரியர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, பாடம் மூத்த பேராசிரியர் தலையில் விழுந்தது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிரூபணம்'. பொழுது விடிந்தது என்றால்கூட நிரூபி என்பார். முப்பது வருஷமாகச் சுண்ணக்கட்டியைத் தவிர எதையும் தொட்டதில்லை. விசைப்பலகை முன் உட்கார்ந்தால், கோழி தானியம் பொறுக்குவதுபோல ஒற்றை விரலால் பொறுக்குவார்.

துறைத்தலைவருக்கோ அந்த அறைமேல் ஒரு கண். "பாடம் ஒழுங்கா நடக்கலைன்னா மூடிடலாம். விடைத்தாள் அடுக்க இடமில்லை" என்றவர், புதன்கிழமை மூன்று மணிக்கு நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

மூடினால் சாவியக்காவை ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரிக் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். இங்கே என்றால் வீடு பக்கத்துத் தெரு. மத்தியானம் ஓடிப்போய், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்கு ஊட்டிவிட்டு வரலாம்.

"உன்னை அந்தக் கோடிக்கு அனுப்பிட்டா எனக்கு யாருடி ஊட்டுவா? உன் கம்ப்யூட்டரா?" என்று மாமியார் அன்று காலையில்கூடக் கேட்டாள்.

புதன் மத்தியானம் நிரூபணம் ஒத்திகை பார்த்தார். எக்ஸுக்கு இரண்டு என்று போட்டு ஒரு கணக்கைச் சரிபார்த்தார். சரியாக வந்தது. பூரித்துப்போய், "மெஷினை அணைச்சிடாதேம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றுவிட்டுச் சாப்பிடப் போனார்.

மூன்று மணி. துறைத்தலைவர் முன்வரிசையில். நிரூபணம் ஓர் இருபடிச் சமன்பாட்டைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டி, எக்ஸ் என்னவென்று கேட்டார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

ஒரு மாணவி வாசித்தாள். "இரண்டு ஒரு மாறி இல்லைன்னு சொல்லுது சார்."

"அது எனக்குத் தெரியாதா? நான் எப்ப இரண்டைக் கேட்டேன்?"

மறுபடி தட்டினார். மறுபடி அதே சிவப்பு.

"பத்தாங்கிளாஸ் கணக்குதானே சார் இது?" என்றார் துறைத்தலைவர். அலமாரி வைக்க அளவெடுப்பதுபோல அவர் கண் சுவரில் ஓடியது.

அந்தச் சிவப்பு சாவியக்காவுக்குப் பழக்கம். அது வந்தால் பழைய ஆசிரியர் என்ன தட்டுவார் என்பதும் மனப்பாடம். ஆனால் இத்தனை பேர் முன்னால் வாயைத் திறப்பதா? எழுந்து போனாள். சுத்தமாக இருந்த கரும்பலகையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

"இப்ப எதுக்கும்மா இது?" என்றார் நிரூபணம்.

"இதைத் துடைச்சாச்சு சார்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அதைத்தான் யாரும் துடைக்கலை. மத்தியானம் இரண்டுன்னு போட்டீங்களே, அது உள்ளேயே உட்கார்ந்திருக்கு."

வகுப்பு சிரித்தது. நிரூபணம் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக அவர் நுழையும் வகுப்பிலெல்லாம் பலகை சுத்தமாகவே இருந்திருக்கிறது. அது எப்படி என்று மட்டும் அவர் நிரூபணம் கேட்டதில்லை.

"இதை எப்படித் துடைக்கிறது?"

"கிளியர்னு அடிச்சு, சதுர அடைப்புக்குள்ள எக்ஸ் போடுவார் சார், பழைய சார்."

போட்டார். சமன்பாட்டை மறுபடி தட்டினார். இரண்டு விடையும் சமர்த்தாக வந்து நின்றன.

அறை தப்பித்தது. 'கருத்தை விளங்கவைக்கப் பணியாளரைக் கொண்டு கரும்பலகையைத் துடைத்துக் காட்டிய பேராசிரியரின் உத்தி பாராட்டத்தக்கது' என்று துறைத்தலைவர் எழுதிக்கொடுத்தார். நிரூபணம் அதை மறுக்கவில்லை. சாவியக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் நிரூபணம் மூன்று வரிக்கு ஒருமுறை எக்ஸைத் துடைக்கிறார். துடைக்க மறந்தவனை, "பழசைச் சுமந்துக்கிட்டு எப்படிப்பா புதுசு வரும்?" என்று பிடிபிடியென்று பிடிக்கிறார். மணி அடித்ததும், பலகை நிறைய எழுதியதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறார்.