பர்கத்துல்லா போட்ட சட்டம்

கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டேதான் பர்கத்துல்லா வழக்கு கேட்பார். யாங்கூன் நகரத்து லத்தா வட்டாரத்தில் அவருடைய இரும்புச் சாமான் கடையில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தால் இன்னொருவர் நிற்க இடமிருக்காது. ஆணியும் தாழ்ப்பாளும் வாங்க வருகிறவர்கள் வாசலில் காத்திருக்க, உள்ளே பள்ளிக்கூடத்து ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவருக்குக் கண் தெரியவில்லை என்பார் ஒருவர். எதிரணியில் ஆடியவனுக்கு மீசை முளைத்திருந்தது, அவன் எப்படிப் பள்ளிப் பிள்ளை என்பார் இன்னொருவர். கையிலிருக்கும் கீல் சத்தமில்லாமல் திரும்பும் வரை பர்கத்துல்லா வாய் திறக்க மாட்டார். பிறகு, "காது அலுத்துப்போச்சு தம்பி. சொல்றத ஒரே தடவயாச் சொல்லிட்டுப் போ" என்பார்.

யாங்கூனில் கோயில்களும் பள்ளிவாசல்களும் நடத்தும் மாலைநேரத் தமிழ்ப் பள்ளிகள் சில சேர்ந்து ஒரு பந்தயச் சங்கம் வைத்திருக்கின்றன. அதற்கு அவர்தான் செயலாளர். மழை விட்டதும் தாமுவே மைதானத்தில் கால்பந்து தொடங்கும். தொடங்குவதற்கு முன்பே, "இந்த வருசத்தோட சரி, வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுவார். வேறு ஆள் எங்கிருந்து வருவார்? அந்தப் பதவியில் கிடைப்பதெல்லாம் நாலு பேரின் ஏச்சும் ஆறிப்போன டீயும்தான். கடைக்குப் பூட்டுப் போடுகிற நேரத்திலும் பஞ்சாயத்து பேச ஆள் வந்து நிற்பதைப் பார்த்து, அவர் மனைவி ஃபக்ருன்னிசா சோற்றை மூடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

பர்கத்துல்லா விலை பேசுவது பர்மா பாஷையில், திட்டுவது மட்டும் தமிழில். ஆட வரும் பையன்களுக்குத் தமிழ் புரியும், பதில் பர்மா பாஷையில்தான் வரும். அவரை "சயா" என்பார்கள், அதாவது வாத்தியார். "நா எந்தக் காலத்துலடா ஒங்களுக்குப் பாடஞ் சொன்னேன்" என்று முணுமுணுப்பார். ஆனால் மைதானத்தின் எந்த மூலையிலிருந்து அந்தச் சொல் வந்தாலும் முதலில் திரும்புவது அவர் தலைதான்.

சங்கத்தை விட்டு விலகும் பள்ளிக்கு என்ன தண்டனை என்ற சட்டம் அவர் போட்டது. அப்போதெல்லாம் ஒரு கோல் செல்லாது என்றால் போதும், ஒரு பள்ளி கோபித்துக்கொண்டு வெளியே போய்விடும். ஒரு மாதம் கழித்து வாழைப்பழத்தோடு சமாதானம் பேச வரும். நடுவில் போட்டி சீரழிந்து கிடக்கும். அபராதம் போடலாம் என்றார்கள். "காசா? காலைல ஒரு மதிப்பு, சாயந்தரம் ஒரு மதிப்பு. அத வாங்கி வச்சு என்ன செய்ய?" என்று கேட்டு, பர்கத்துல்லா வேறொன்று எழுதினார். விலகுகிற பள்ளியின் பையன்கள் இரண்டு வருஷம் சங்கத்தின் எந்த அணியிலும் பந்தைத் தொடக் கூடாது. தொடர்ந்து மூன்று ஆட்டத்துக்கு வராமலிருந்தாலும் விலகியதாகத்தான் கணக்கு. எல்லாரும் கை தட்டினார்கள். பழனியப்பனும் தட்டினார்.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியது தாமுவே பள்ளி. அதன் பொறுப்பாளர் அதே பழனியப்பன். நடுவரோடு சண்டை போட்டு, அணியை அழைத்துக்கொண்டு போனவர், ஒரே வாரத்தில் தவறு என்று சொல்லித் திரும்பி வந்தார். பர்கத்துல்லா இளகவில்லை. சட்டம் புதிது, முதல் தடவையே வளைந்தால் யார் மதிப்பார்கள் என்று நினைத்தார். அணித் தலைவன் பழனியப்பனின் சொந்த மகன். இரண்டு வருஷம் முடிந்தபோது பையன் பள்ளி வயதைக் கடந்து, மலேசியாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். பழனியப்பன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வேறு பையன்களைச் சேர்த்து, அடுத்த பருவத்துக்கு வந்து நின்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த மௌனம்தான் பர்கத்துல்லாவை இத்தனை வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது க்யிம்யிண்டைங் பள்ளியின் முறை. இந்த வருஷம் மழைக்காலத்தில் டீசல் விலை ஏறியதும் பஸ் கட்டணமும் கூடவே ஏறிவிட்டது. மூட்டை தூக்கியும் மீன் கூடை சுமந்தும் பிழைக்கிற வீடுகளின் பிள்ளைகள், ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எப்படி வருவார்கள்? இரண்டு ஆட்டம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவர்களுடைய பொறுப்பாளர் செல்லக்கண்ணு கடைக்கு வந்தார். படகுத்துறையில் சரக்கு நிறுக்கிற வேலை அவருக்கு, சட்டையெல்லாம் தவிட்டுத் தூசி.

"நாங்க வெலகல பாய். வர முடியல, அம்புட்டுத்தான்."

"மூணு ஆட்டம் வரலன்னா வெலகுனதுதான். நாந்தான எழுதுனேன்."

"பாதிப் பயலுகளுக்கு இதான் கடேசி ரெண்டு வருசம். அப்பறம் வேலைக்குப் போயிருவானுங்க." செல்லக்கண்ணு வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஞாயித்துக்கெழம நடந்தே கூட்டியாறேன். காலைல மூட்ட எறக்கிட்டுத்தான் கெளம்ப முடியும். நேரமாயிரும் பாய்."

காத்திருக்கிறேன் என்று சொல்ல பர்கத்துல்லாவுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. "நேரத்துக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார். செல்லக்கண்ணு தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். சட்டம் போட்டது நீங்கள்தானே, மாற்றிவிட்டால் போயிற்று என்றார் ஃபக்ருன்னிசா. "மாத்தலாம்," என்றார் அவர். "பழனியப்பன் மொகத்த யாரு பாக்குறது?"

ஞாயிற்றுக்கிழமை எதிரணி தாமுவே. பழனியப்பன் தன் பையன்களோடு முன்பே வந்துவிட்டார்.

அந்த மைதானத்தில் ஆளுக்கொரு நேரம் காட்டும் கடிகாரத்தை நம்பி யாரும் ஆட்டத்தைத் தொடங்குவதில்லை. செயலாளர் நடுக்கோட்டில் நின்று, வராத அணியின் பெயரைச் சாலையைப் பார்த்து மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வராவிட்டால்தான் அந்த அணி வரவில்லை என்று அர்த்தம். ஆட்டம் எதிரணிக்குப் போகும். செயலாளரைத் தவிர வேறு யாரும் கூப்பிடக் கூடாது.

பர்கத்துல்லா ஒரு தடவை கூப்பிட்டார். இளைத்த உடம்புக்கு அந்தக் குரல் அதிகம். சாலையில் ஆட்கள் தொங்கிக்கொண்டு ஒரு பஸ் போயிற்று. வெகு நேரம் கழித்து இரண்டாம் தடவை கூப்பிட்டார். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். க்யிம்யிண்டைங் பையன்களின் மஞ்சள் சட்டைகள் எதுவும் கண்ணில் படவில்லை. நடுவர் வெயிலைப் பார்த்தார். தாமுவே பையன்கள் ஆடாமலே ஜெயிக்கப் போகிற சலிப்பில் பந்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

பழனியப்பன் மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"மூணாவது கூப்புடுங்க பாய்."

"கூப்புடணும்."

"எம் மவனுக்கு நீங்க நிக்கல." குரலில் கோபம் இல்லை. பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைக் கீழே இறக்கி வைப்பது போலத்தான் சொன்னார்.

"நிக்கலப்பா," என்றார் பர்கத்துல்லா. "நின்னிருக்கணும்."

பர்கத்துல்லா சாலைப் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தார். நெஞ்சு நிறைந்தது. வாய் திறந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, பழனியப்பனின் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் கடையில் கட்டிக் கொடுக்கிற குன்யா என்கிற வெற்றிலைச் சுருள்கள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் இருந்தன. வாழ்நாளில் வெற்றிலையைத் தொட்டறியாத பர்கத்துல்லா கையை நீட்டினார்.

பழனியப்பன் அந்தக் கையைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். தன் பையன்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு சுருளை எடுத்து வைத்தார். கை மூடுவதற்குள் இன்னொன்றையும் எடுத்து வைத்தார்.

பர்கத்துல்லா இரண்டையும் ஒன்றாக வாய்க்குள் திணித்துக்கொண்டார். கன்னம் இரண்டும் புடைக்க, சுண்ணாம்புக் காரத்தில் கண் கலங்க, நடுக்கோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாலையைப் பார்த்தபடி மெதுவாக மெல்லத் தொடங்கினார்.